பிளிஸ்டா காம்பாக்ட் ஜிடிஏவுக்கு ஜிடிஏ மாறிக்கொண்டே இருக்கிறது, மாடல் செய்ய எதை எடுப்பது?

கைப்பிரேக்:

எல்லாருக்கும் வணக்கம். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம்களில் வருகிற பிளிஸ்டா காம்பாக்ட் காரை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முதலிலிருந்து மாடல் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். மாட் போட்டு, அதாவது கேமுக்குள் சேர்த்து, ஓட்டுவதற்கு இல்லை, கருப்புப் பின்னணியில் அந்தக் காரை மட்டும் நிறுத்தி நல்லதாக ஒரு ரெண்டர் (3டி மாடலிலிருந்து வரும் படம்) எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரெஃபரன்ஸ் படம் சேர்க்க உட்கார்ந்தால் எதை எடுப்பது என்றே தெரியவில்லை.

2001இல் ஜிடிஏ 3இல் வெறும் பிளிஸ்டா, அது ஒரு சாதாரண ஹாட்ச்பேக். அடுத்த வருடமே ஜிடிஏ வைஸ் சிட்டியில் பிளிஸ்டா காம்பாக்ட் என்று இரண்டு கதவோடு ஒரு குட்டிக் கார், ஹோண்டா சிஆர்-எக்ஸ் சாயல். 2004இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் பெயர் அதே, உடம்பு வேறு. 2008இல் ஜிடிஏ 4 வரும்போது டின்கா என்ற கம்பெனிப் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2013இல் ஜிடிஏ 5 வந்தபோது காம்பாக்டைக் காணோம், பிளிஸ்டா என்று இந்தக் காலத்து ஹாட்ச்பேக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் பிஎஸ்4 பதிப்பில் பழைய காம்பாக்ட் திரும்ப வந்துவிட்டது, அப்புறம் ஜிடிஏ ஆன்லைனில் பிளிஸ்டா கான்ஜோ வேறு.

பான்ஷீ என்ற காரை எந்த ஜிடிஏவில் பார்த்தாலும் பான்ஷீ என்று தெரிந்துவிடுகிறது. இது மட்டும் ஏன் இப்படி? இத்தனையிலும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா, அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரே ஒரு காரைச் செய்ய முடியுமா? இந்தக் கார் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அரைகுறையாகச் செய்ய மனசு வரவில்லை.

பழைய மெமரிகார்டு:

நல்ல கேள்வி. முதலில் ஒன்று, பிளிஸ்டா மட்டும் மாறவில்லை. இன்ஃபெர்னஸ் என்ற காரை எடுத்துப் பாருங்கள், வைஸ் சிட்டியில் லம்போர்கினி கவுன்டாக் மாதிரி இருந்தது சான் ஆண்ட்ரியாஸில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜிடிஏ செய்கிற ராக்ஸ்டார் கம்பெனிக்கு முக்கியம் பெயரும், தெருவில் அந்தக் காருக்கு இருக்கும் இடமும்தான். அந்த இடத்துக்கு அந்தக் காலத்தில் எந்த உண்மைக் கார் பொருந்துமோ அதன் உடம்பை எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேம் வெளியான வருடத்தை வைத்து வரிசைப்படுத்துவதால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று வைத்து அடுக்கிப் பாருங்கள். வைஸ் சிட்டி 1986, சான் ஆண்ட்ரியாஸ் 1992, ஜிடிஏ 3 2001, ஜிடிஏ 4 2008, ஜிடிஏ 5 2013. இப்போது காம்பாக்ட்தான் முதலில் வருகிறது, சாதா பிளிஸ்டா அப்புறம் வருகிறது.

ஹோண்டா கதையும் ஏறக்குறைய இதுதான். முதல் சிஆர்-எக்ஸ் ஜப்பானில் 1983இல் வந்தது. 1986இல் மயாமி மாதிரியான ஊரில் அது இளவட்டங்கள் வாங்கும் புதுக் கார். இரண்டாம் தலைமுறை 1987இலிருந்து 1991 வரை, ஆகவே 1992இல் லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊரில் அது இரண்டாம் கைக்கு வந்து, ஸ்பாய்லர் வைத்து, பெயின்ட் மாற்றி ஓட்டுகிற கார். சான் ஆண்ட்ரியாஸில் கார் மாற்றுகிற டிரான்ஸ்ஃபெண்டர் கடைக்கு ஓட்டிப்போனால் உங்களை அதைத்தான் செய்ய விடுகிறார்கள். 2008இல் ஜிடிஏ 4 நடக்கிற லிபர்ட்டி சிட்டியில் அது இருபது வயதுக் கிழவன். அந்த ஊரின் புரோக்கர் பகுதிப் பக்கம் எலிவேட்டட் ரயில் பாதைக்குக் கீழே நிற்கும் ஒரு காம்பாக்டை நிறுத்திப் பாருங்கள், நேற்று ஷோரூமிலிருந்து வந்த கார் மாதிரி இருக்காது. அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், அந்த ஊரில் எல்லாமே கொஞ்சம் பயன்படுத்திய பொருள்.

ஒரு எச்சரிக்கை, 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஒரு உலகம், 4உம் 5உம் வேறு உலகம் என்று ராக்ஸ்டாரே பிரித்துவிட்டார்கள். அதனால் இதை ஒரே காரின் வம்சாவளி என்று கறாராக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்கு இது உதவும். நீங்கள் செய்யப் போகிற கார் எந்த வருடத்தில் நிற்கிறது என்று முதலில் முடிவு பண்ணுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நைட்ரோ:

சான் ஆண்ட்ரியாஸ்தான், யோசிக்கவே வேண்டாம். சான் ஃபியரோவில் ஈஸ்டர் பேசின் துறைமுகத்தில் எந்தக் கார்களைக் கொண்டுவந்து தந்தால் காசு என்று எழுதிய எக்ஸ்போர்ட் பலகை இருக்குமே, அதில் இரண்டாவது பட்டியலில் பிளிஸ்டா காம்பாக்ட் வரும். அதே பட்டியலில் சீட்டா, காமெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் இருக்கின்றன. அந்த வரிசையில் இந்தக் குட்டிக் காரையும் கேட்டு வாங்குகிறார்கள் என்றால் மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம். வைஸ் சிட்டியிலும் சன்ஷைன் ஆட்டோஸ் என்ற கார் ஷோரூம் கேட்கிற முதல் பட்டியலில் இது உண்டு. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் காரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவன் நான், தேடாதபோது நாலு வரும், தேடும்போது ஒன்றும் வராது.

வெர்டெக்ஸ்:

மாடல் செய்கிற ஆள் என்ற முறையில் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். மெமரிகார்டு சொன்ன காலக்கணக்கு சரிதான், ஆனால் பாதி மாற்றம் கதைக்காக நடந்தது இல்லை, மெஷினுக்காக நடந்தது.

பிஎஸ்2இல் மெயின் மெமரி 32 எம்பி, கிராஃபிக்ஸுக்கு 4 எம்பி. அதற்குள் ஊர், ஆட்கள், சத்தம், கார் எல்லாம் டிஸ்கிலிருந்து வந்து வந்து போக வேண்டும். 3டி மாடல் எதுவும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டித்தான் செய்யப்படுகிறது, ஒரு காருக்குக் கிடைப்பது கொஞ்சம் முக்கோணங்கள்தான். அந்தக் கணக்கில் வளைவு என்பது பெரிய செலவு. எண்பதுகளின் ஜப்பான் கார்கள் ஏன் அந்தக் கேம்களில் அவ்வளவு அழகாக உட்கார்ந்தன என்றால், அவை நிஜத்திலேயே தட்டையான பலகைகளும் கூர்மையான விளிம்புகளுமாக இருந்தவை. சிஆர்-எக்ஸ் மாதிரி ஆப்பு வடிவக் காரைக் குறைந்த முக்கோணத்தில் செய்தாலும் அடையாளம் போகாது. அதே அளவுக்குள் 2001ஆம் வருடத்து உருண்டையான ஹாட்ச்பேக் ஒன்றைச் செய்து பாருங்கள், சோப்புக்கட்டி மாதிரி வந்து நிற்கும். ஜிடிஏ 3இன் பிளிஸ்டா யார் மனசிலும் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கைப்பிரேக், நீங்கள் சான் ஆண்ட்ரியாஸ் காம்பாக்டின் 3டி மாடல் இருக்கிற டிஎஃப்எஃப் கோப்பைப் பிளெண்டரில் இறக்கித் திறந்திருக்கிறீர்களா? இல்லை என்றால் ஒருமுறை திறந்து பாருங்கள், இந்தக் கார் எப்படி யோசிக்கப்பட்டது என்று அதிலேயே தெரியும். பாடி முழுக்கக் கண்ணைக் கூசுகிற பச்சையில் இருக்கும், ஆர்ஜிபியில் 60, 255, 0. அது பெயின்ட் இல்லை. முதல் நிறம் இங்கே வர வேண்டும் என்று கேமுக்குச் சொல்கிற அடையாளம், ஓடும்போது காருக்கு ஒரு நிறத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டாம் நிறம் வருகிற கார்களில் அந்த இடம் 255, 0, 175, ஒரு மாதிரி ரோஸ். அப்புறம் கதவு, பானெட், பம்பர் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும், நல்ல நிலையில் ஒன்று, நசுங்கியது ஒன்று, பெயர் முடிவில் ஓகே, டேம் என்று போட்டிருப்பார்கள். இடித்ததும் ஒன்றை மறைத்து இன்னொன்றைக் காட்டுவார்கள். எங்கே எப்படி இடித்தாலும் பானெட் ஒரே மாதிரி மடங்குவது அதனால்தான். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு விஎல்ஓ என்று ஒரு மிகச் சின்ன பாடி தனியாக இருக்கும், நாலைந்து பலகையை ஒட்டிய மாதிரி.

அந்த விஎல்ஓவை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் யோசனை. கண்ணாடி கிடையாது, கைப்பிடி கிடையாது, லைட் கிடையாது, ஆனாலும் இது காம்பாக்ட் என்று உங்களுக்குத் தெரிகிறதா? எந்த நாலு கோட்டினால் தெரிகிறதோ அதுதான் உங்கள் "பொதுவான விஷயம்".

ஜிடிஏ 4இல் கேமை ஓட்டுகிற மென்பொருள் எஞ்சினே மாறிவிட்டது. இடித்த இடத்தில் இடித்த அளவுக்கு உலோகம் உள்ளே போகிறது. அதற்கு பாடியில் நிறைய முக்கோணம் வேண்டும், முக்கோணம் இருந்தால் வளைவும் கிடைக்கிறது, பலகை இடுக்கு, ரப்பர் பட்டை, உள்ளே டாஷ்போர்டு என்று எல்லாம் செய்ய இடம் வருகிறது. அதனால் 2008 காம்பாக்டில்தான் முதல்முதலாக இது ஒரு தொழிற்சாலையில் செய்த கார் என்ற உணர்வு வருகிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். திருப்பத்தில் அந்த பாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிற ஆட்டம் பலருக்குப் பிடிக்காது, ஆனால் பழைய சஸ்பென்ஷன் போட்ட ஒரு சின்னக் கார் அப்படித்தான் போகும்.

ஹாட்ச்பேக் பிரியன்:

வெர்டெக்ஸ் சொன்ன நாலு கோட்டில் முக்கியமான கோடு கூரைக்குப் பின்னால் போகிற கோடுதான். அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கு நிஜ சிஆர்-எக்ஸ் பைத்தியம்.

கூரை முன்கண்ணாடிக்கு மேலே உச்சிக்குப் போய், அங்கிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கி, சட்டென்று செங்குத்தாக வெட்டப்பட்டு முடியும். வூனிபால்ட் காம் என்கிற ஜெர்மன் காற்றியக்க வல்லுநர் 1930களில் ஆராய்ச்சி செய்த வால் இது. காற்று கூரையை விட்டுப் பிரியாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்றால் சரிவு மென்மையாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சரிவைக் கூராக முடிகிறவரை நீட்டினால் கார் ரயில் நீளத்துக்குப் போய்விடும். பாதியில் வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, அதனால் வெட்டிவிட்டார்கள். சின்ன எஞ்சினில் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பது முதல் சிஆர்-எக்ஸின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, அமெரிக்காவில் மைலேஜுக்காகவே எச்எஃப் என்று தனி மாடல் விற்றார்கள்.

இந்த வாலில் ஒரு சிக்கல் உண்டு. பின்கண்ணாடி கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கிற வண்டியின் மூக்கு தெரியாது. இரண்டாம் தலைமுறையில் ஹோண்டா அதற்கு என்ன செய்தது என்றால், வெட்டிய செங்குத்துப் பலகையிலேயே இன்னொரு கண்ணாடிப் பட்டையை வைத்தது. மேலே ஒரு கண்ணாடி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒரு கண்ணாடி. 1999இல் வந்த இன்சைட்டிலும் 2010இல் வந்த சிஆர்-இசட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. கைப்பிரேக், ரெண்டரில் நீங்கள் கட்டாயம் இந்தப் பட்டையைச் செய்ய வேண்டும், கேம் மாடல் எதில் எப்படி இருந்தாலும் சரி. கீழ்க் கண்ணாடியைக் கொஞ்சம் கருப்பாக வைத்து, உள்ளே லைட் லேசாகத் தெரிகிற மாதிரி விட்டால் அந்தப் பின்பக்கம் உயிரோடு இருக்கும்.

அந்தக் கார் வெறும் பெட்ரோல் சிக்கனக் கார் மட்டும் இல்லை என்பதும் முக்கியம். 1989இல் ஜப்பானில் எஸ்ஐஆர் என்று ஒரு மாடல் வந்தது, 1.6 லிட்டர் விடெக் எஞ்சின் (ஹோண்டாவின் வால்வு நுட்பம் கொண்டது), 160 குதிரைசக்தி, முன்சக்கர இழுவை, உடம்போ ஏறக்குறைய ஒரு டன். அமெரிக்காவுக்கு அந்த விடெக் எஞ்சின் சிஆர்-எக்ஸ் போகவே இல்லை. கார்கள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்கிற சான் ஆண்ட்ரியாஸின் ஹேண்ட்லிங் கோப்பில் காம்பாக்டுக்கு எடை 1000, இழுவை முன்சக்கரம். இதைப் போட்ட ஆள் அந்தக் காரைப் பற்றித் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

இன்னொன்று, கான்ஜோவை உங்கள் வரிசையில் சேர்க்காதீர்கள். அது காம்பாக்டின் வாரிசே இல்லை. ஒசாகாவில் ஹான்ஷின் எக்ஸ்பிரஸ்வே வளையப் பாதையில் ராத்திரியில் சிவிக் ஓட்டிய கூட்டத்தின் பெயரை வைத்தது அது, உடம்பு தொண்ணூறுகளின் ஆறாம் தலைமுறை சிவிக். ஜிடிஏவில் அதற்கு முன்னோர் வேண்டுமென்றால் சான் ஆண்ட்ரியாஸின் ஃபிளாஷ் என்ற காரைப் பாருங்கள், வீல் ஆர்ச் ஏஞ்சல்ஸ் கடையில் டியூன் பண்ணுவோமே அதுதான். கூரை பின்னால் வரை நேராகப் போய் முடிகிற பெட்டி அது. காம்பாக்டின் கூரை விழுகிற மாதிரி அது விழாது. பிளிஸ்டா என்று முன்னால் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய மெமரிகார்டு:

கான்ஜோ விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிஜத்தில் சிஆர்-எக்ஸும் சிவிக் வகையறாதான், அமெரிக்காவில் சிவிக் சிஆர்எக்ஸ் என்றே விற்றார்கள். டின்காவுக்குள்ளும் பிளிஸ்டா என்பது குடும்பப் பெயர், காம்பாக்ட் அதில் ஒரு பிள்ளை, கான்ஜோ இன்னொரு பிள்ளை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது. ஜிடிஏ 5இன் கோப்புகளிலேயே அப்படித்தான் இருக்கிறது, 2013 கார் பிளிஸ்டா, 2014இல் திரும்பி வந்த காம்பாக்ட் பிளிஸ்டா2, கோ கோ மங்கி பிளிஸ்டா3.

கோ கோ மங்கி பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360இல் விளையாடிவிட்டுப் புதுப் பதிப்புக்கு வந்தவர்களுக்கு மட்டும், ஊர் முழுக்கச் சுவர்களில் இருக்கும் 50 குரங்கு மொசைக்குகளையும் போட்டோ எடுத்தால் கிடைக்கிற கார். காம்பாக்டுக்கு ரேஸ் வண்டி மாதிரி குரங்குப் படம் போட்ட பாடி. திரும்ப வருகிற ஆட்களுக்குப் பரிசு தர எத்தனையோ சூப்பர் கார் இருக்க, இந்தக் காரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்புறம் இன்னொன்றைக் கவனித்தீர்களா, பெயரிலேயே காம்பாக்ட் என்று இருந்தும் ஜிடிஏ 5 அதைக் காம்பாக்ட் வகுப்பில் போடவில்லை, ஸ்போர்ட்ஸ் வகுப்பில் போட்டிருக்கிறது. சாதா பிளிஸ்டாதான் காம்பாக்ட் வகுப்பில் கிடக்கிறது. 1986இல் கையில் கொஞ்சம் காசு உள்ளவன் வாங்கிய குட்டிக் கார் 2014இல் சேகரிப்பாளர் தேடுகிற காராகிவிட்டது. நிஜத்திலும் நல்ல நிலையில் ஒரு சிஆர்-எக்ஸ் கிடைப்பது இன்று லேசு இல்லை, பலதைத் துரு தின்றுவிட்டது, மிச்சத்தை டியூன் பண்ணியே முடித்துவிட்டார்கள்.

ஹாட்ச்பேக் பிரியன்:

குடும்பப் பெயர் வாதம் சரி, ஆனால் கேள்வி மாடல் செய்வதைப் பற்றி. கைப்பிரேக் கான்ஜோவின் கூரையைப் பார்த்து வரைந்தால் கார் கெட்டுவிடும், அதுதான் என் கவலை. 2013 பிளிஸ்டாவிலும் அதே பிரச்சினை. இன்றைய கார்களுக்கு மோதல் பாதுகாப்பு விதிகளால் தூண் தடிமன், இடுப்புக்கோடு உயரம், கண்ணாடி சின்னது. எண்பதுகளின் காரில் இடுப்புக்கோடு தாழ்ந்து, கண்ணாடி பெரிதாக, தூண் விரல் தடிமனில் இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெரு தெரியும். அந்த விகிதம் தவறினால் எத்தனை பேட்ஜ் ஒட்டினாலும் அது காம்பாக்ட் ஆகாது.

நைட்ரோ:

கான்ஜோவை ஆன்லைனில் 580,000 கேம் டாலர் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன், அருமையான கார், திட்டாதீர்கள். ஆனால் பிரியன் சொல்வது சரிதான், காம்பாக்டை ஓட்டுகிற மாதிரி இல்லை அது.

கைப்பிரேக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வெர்டெக்ஸ் சொன்னபடி விஎல்ஓவை மட்டும் தனியாக எடுத்துப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். பானெட் தாழ்ந்து போகிற கோடு, முன்கண்ணாடியின் சாய்வு, கூரை மெதுவாக விழுவது, பின்னால் வெட்டு. இந்த நாலு போதும், லைட்டே இல்லாமல் கார் தெரிகிறது. ஜிடிஏ 4 காம்பாக்டின் பக்கவாட்டுப் படத்தை அதன் மேல் பாதி ஒளிபுகும்படி போட்டுப் பார்த்தால் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் கொஞ்சம் விலகுகிறது, ஆனால் கூரைக்கோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே போகிறது. 2013 பிளிஸ்டாவைப் போட்டால் கதவுக்கு மேலே எல்லாமே விலகிவிடுகிறது. ஆகவே அதையும் கான்ஜோவையும் ஒதுக்கி வைத்துவிட்டேன், மெமரிகார்டு மன்னிக்க வேண்டும்.

வருடம் 1992 என்று வைத்துக்கொள்கிறேன். வடிவம் சான் ஆண்ட்ரியாஸ், விவரங்கள் ஜிடிஏ 4, பின்பக்கக் கண்ணாடிப் பட்டை நிஜ சிஆர்-எக்ஸ். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. டின்கா பேட்ஜ் வைக்கலாமா? 1992 உலகத்தில் அந்தக் கம்பெனிப் பெயரே கிடையாதே.

வெர்டெக்ஸ்:

வைக்காதீர்கள். பேட்ஜ் இருக்கிற இடத்தில் நாலு முக்கோணத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் விட்டுவிடுங்கள், எழுத்து வேண்டாம். பின்னால் கதவின் கீழே பிளிஸ்டா காம்பாக்ட் என்று பெயர் மட்டும் போதும். அப்புறம் ரெண்டருக்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள், நிறைய பேர் இந்தக் காருக்குப் 17 அங்குல ரிம் போட்டுக் கெடுப்பார்கள். நிஜ சிஆர்-எக்ஸில் 13, 14 அங்குலம்தான், டயரின் பக்கச்சுவர் தடிமனாகத் தெரிய வேண்டும். வயர்ஃப்ரேமை (மாடலின் கோடுகள் மட்டும் தெரிகிற படம்) ஏற்றும்போது பக்கவாட்டுக் கோணத்தையும் சேர்த்துப் போடுங்கள், கூரைக்கோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.